கொடுத்து வாங்குதல்

காட்கோபர் மேற்கில், மத்திய அரசு ஊழியர் குடியிருப்பின் முற்றத்தில், ஒரு பாதாம் மரத்தடியில் சிமெண்டு இருக்கை ஒன்று உண்டு. இரவு எட்டரை மணிக்கு மேல், மின்ரயிலில் நசுங்கி வந்த உடம்பைச் சற்று ஆற்றிக்கொள்ள அங்கே கூடுவது எங்கள் வழக்கம். அகவிலைப்படி, ஊதியக் குழு, தண்ணீர் வரும் நேரம், ஊர் செல்லும் வண்டியில் இடம் கிடைக்காத குறை ஆகியவை அங்கே அன்றாடம் வந்து போகும் பொருள்கள். ஆனால் 2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் அவ்விருக்கையில் வேறெந்தப் பொருளுக்கும் இடம் இருக்கவில்லை. சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவைக் கொடுத்து, ராஜஸ்தான் அணியின் சஞ்சு சாம்சனை வாங்கலாமா, கூடாதா? இதுவே வழக்கு. வழக்காடியவர்கள் நாங்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எங்களில் எவருக்கும் இல்லையாதலின், வழக்கு மிகவும் சூடாக நடந்தது.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இலக்கிய மலரில் இடம் தகுமா என்று அன்பர்கள் எண்ணக்கூடும். நாங்களும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாறுதல் என்பது, இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் சிறிய விஷயமன்று. எங்கள் குடும்பத்துக்கு அந்த நவம்பரில் அது எவ்வாறு பெரிதாயிற்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் வழக்கின் விவரம். ஐ.பி.எல். எனப்படும் இந்தப் போட்டி 2008-இல் தொடங்கியது. ஆட்டக்காரர்களை அணிகள் ஏலத்தில் எடுக்கும். ஏலம் இன்றியே இரண்டு அணிகள் தமக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளவும் விதி உண்டு. 'டிரேட்' என்று பத்திரிகைகள் எழுதும் இம்முறை 2009-இலேயே வந்துவிட்டது. அவ்வாண்டு மும்பை அணி ராபின் உத்தப்பாவைப் பெங்களூருக்குக் கொடுத்து ஜாகீர் கானைப் பெற்றது. பண்டமாற்று நம்மவர்க்குப் புதிதன்று. நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாடு சென்று நெல்லுக்கு மாற்றிய உமணரைச் சங்கப் பாடல்கள் நமக்குக் காட்டுகின்றன. ஆனால் உப்பு வண்டி ஏறுமுன் உப்பை யாரும் கேட்பதில்லை. ஆட்டக்காரரைக் கேட்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் மாற்றம் செல்லாது என்பது விதி. இந்த ஒரு விதியை நாங்கள் எல்லோரும் அறிந்திருந்தோம். அதை எவரும் பொருட்படுத்தவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாற்ற வேண்டும் என்ற கட்சிக்குத் தலைவன் எங்கள் மகன். பத்தாம் வகுப்பு மாணவன், காட்கோபரிலேயே பிறந்தவன், தமிழை வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மட்டும் பேசுபவன். அவன் வாதம் கணக்கு வாத்தியாரின் வாதம் போன்றது. 2025-ஆம் ஆண்டுப் போட்டியில் சென்னை அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. கடைசி இடத்தில் அது முடிந்தது அதுவே முதல் முறை. மகேந்திர சிங் தோனிக்கு 44 வயது ஆகிவிட்டது. அவருக்குப் பின் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கவும், தொடக்கத்தில் இறங்கி அடித்து ஆடவும், வேண்டுமாயின் தலைமை ஏற்கவும் ஒருவர் வேண்டும். சாம்சனுக்கு 31 வயது. ஜடேஜாவுக்கு டிசம்பரில் 37 நிறையும். இருவருக்கும் விலை ஒன்றே. தலைக்கு 18 கோடி ரூபாய். "இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அப்பா?" என்பான்.

அவனுக்குத் துணை, மூன்றாம் மாடியில் வசிக்கும் மலையாளி நண்பர். சாம்சன் திருவனந்தபுரத்துக் கடற்கரை ஊரிலிருந்து வந்தவர் என்ற ஒரே காரணம் சேட்டனுக்குப் போதுமானது. "கேரளத்துக்கு அடுத்த வீடு சென்னை, அடுத்த வீட்டுக்குத்தானே வருகிறான்!" என்று அவர் சொல்லும்போது, மாப்பிள்ளை பார்க்கும் தோரணையே இருக்கும்.

கூடாது என்ற கட்சியில் இருவர். ஒருவர் எங்கள் குடியிருப்புக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் சேட்ஜி. காட்கோபர் குஜராத்திகள் நிறைந்த பகுதி என்பதை அன்பர்கள் அறிவார்கள். சேட்ஜியின் பூர்விகம் ஜாம்நகர். ஜடேஜாவின் ஊரும் அதுவே. சென்னை அணியில் ஜடேஜா இருந்த காலமெல்லாம், மஞ்சள் சட்டைக்காக எங்களோடு சேர்ந்து கைதட்டிய ஒரே குஜராத்தி வணிகர் அவர்தான். "ஜட்டுவைக் கொடுத்துவிட்டால் என்னையும் கொடுத்துவிடுகிறீர்கள் என்று அர்த்தம்" என்று அவர் சொன்னபோது சிரித்தோம். கடனுக்குச் சாமான் கொடுப்பவராதலால் சற்றுக் கவலையோடும் சிரித்தோம்.

மற்றவர் அண்ணாச்சி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து 1965-இல், 18 வயதில், பம்பாய் வந்தவர். அவர் வாயில் இன்னும் இது பம்பாய்தான். பரேல் பகுதி ஆலை ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்று, இப்போது அரசு ஊழியரான மகனுடன் இக்குடியிருப்பில் இருக்கிறார். அண்ணாச்சியின் வாதத்தில் எண்ணிக்கை இராது. "பந்தி பரிமாறினவனைக் கைகழுவ எழுந்த நேரத்தில் இலையோடு வெளியே தள்ளலாமா, தம்பி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். எங்கள் மகனுக்கு அதற்கு விடை தெரியாது. ஆனால் அது வாதமே அன்று என்பான்.

பரிமாறிய கதை எல்லோரும் அறிந்ததே. எனினும் ஒரு முறை சொல்லத்தான் வேண்டும். ஜடேஜா தம் பத்தொன்பதாம் வயதில், 2008-இல், ராஜஸ்தான் அணியில் தொடங்கியவர். முதல் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். 2010-இல், வேறோர் அணியுடன் தாமே பேரம் பேச முயன்றார் என்பதற்காக ஓராண்டு விலக்கி வைக்கப்பட்டார். 2011-இல் கொச்சிக்கு ஆடினார். 2012-இல் சென்னைக்கு வந்தார். சென்னை அணி இரண்டாண்டுகள் நீக்கி வைக்கப்பட்டிருந்த 2016, 2017 ஆகிய பருவங்களில் குஜராத் லயன்ஸ் அணிக்கு ஆடினார். மற்றபடி 2025 வரை அவர் மஞ்சளையே உடுத்தியவர். 2022-இல் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்து, எட்டு ஆட்டங்களோடு தோனியிடமே திரும்பிச் சென்றது. அந்தக் கசப்பை விழுங்கிக்கொண்டு ஆடியவர், அடுத்த ஆண்டே கோப்பையைப் பெற்றுத் தந்தார்.

அந்த 2023-ஆம் ஆண்டு இறுதி ஆட்டம் இன்னும் எங்கள் கண்முன் நிற்கிறது. அகமதாபாத்தில் மழை காரணமாக ஒரு நாள் தள்ளி, மே 29-ஆம் தேதி தொடங்கிய ஆட்டம், நள்ளிரவைத் தாண்டிச் சென்றது. மழையால் சென்னைக்கு இலக்கு 15 ஓவரில் 171 என்று குறைக்கப்பட்டது. கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவை. மோகித் சர்மா வீசிய ஐந்தாம் பந்து ஆறாகப் பறந்தது. ஆறாம் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டி நான்காயிற்று. பொதுவாக முகத்தில் எதையும் காட்டாத தோனி, ஓடி வந்த ஜடேஜாவைத் தூக்கிக்கொண்டார். எங்கள் குடியிருப்பில் அந்த நேரத்தில் எழுந்த கூச்சலைக் கேட்டுக் காவலாளி விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். சேட்ஜி மறுநாள் காலையில் கடைக்கு வந்தோர்க்கெல்லாம் பேடா கொடுத்தார். குஜராத் தோற்றதற்குக் குஜராத்தி ஒருவர் இனிப்புக் கொடுத்த விந்தையைக் காட்கோபரில்தான் காண முடியும்.

அதைவிடப் பெரிய விந்தை ஒன்று அந்த ஆட்டத்திலேயே இருந்தது. குஜராத் அணிக்காக அன்று 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் எடுத்துச் சென்னையைக் கலங்க வைத்தவர் சாய் சுதர்சன் என்ற சென்னைப் பிள்ளை. ஆக, தமிழ்ப் பிள்ளை குஜராத்துக்காகப் பாடுபட்டார். ஜாம்நகர்ப் பிள்ளை சென்னைக்காக வென்று கொடுத்தார். 2025-இல் அதே சாய் சுதர்சன் 759 ஓட்டங்களுடன் அந்தப் போட்டியிலேயே மிகுதியான ஓட்டங்கள் எடுத்தவரானார், அப்போதும் குஜராத்துக்காகவே. வாஷிங்டன் சுந்தரும் அவ்வாண்டு அங்கேயே ஆடினார். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தாவுக்கு வீசினார். சென்னை அணிக்குத் தலைவரோ புனே நகரத்து ருதுராஜ் கெய்க்வாட். அவர் முழங்கைக் காயத்தால் விலகியபோது ஆடிய இளைஞர் ஆயுஷ் மாத்ரே, நம் மேற்கு ரயில் பாதையின் விராரில் வளர்ந்த பிள்ளை. "உங்கள் சென்னை அணியில் சென்னை எங்கே இருக்கிறது?" என்று அலுவலகத்து மராட்டிய நண்பர்கள் எங்களைக் கேட்பதுண்டு. "எங்கள் பிள்ளைகள் உங்கள் ஊர்களில் உழைக்கிறார்கள், உங்கள் பிள்ளைகள் எங்கள் ஊருக்கு உழைக்கிறார்கள்" என்று விடை சொல்லிவிடுவோம். அது அந்த அணியைப் பற்றிய விடை மட்டுமன்று என்பது கேட்டவர்க்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எங்களில் பெரும்பாலோர் சேப்பாக்கம் மைதானத்தினுள் கால் வைத்ததில்லை. கோப்பெருஞ்சோழனை நேரில் காணாமலே நட்புப் பூண்டார் பாண்டி நாட்டுப் பிசிராந்தையார். வடக்கிருக்கும் சோழன் தம் நண்பருக்கு இடம் ஒதுக்கி வைத்தான். சொன்னபடியே நண்பரும் வந்தார். ரசிகனின் அன்பும் காணாமல் கொண்ட அன்புதான். ஆனால் எங்கள் அன்பில் இடம் ஒதுக்கி வைக்கும் பெருந்தன்மை குறைவு. இடத்தைக் காலி செய்யச் சொல்லும் அவசரமே அதிகம்.

நிற்க. எங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம்.

எங்களில் ஒருவர் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர். மற்றவர் மழலையர் பள்ளி ஆசிரியை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், தேர்வெழுதி, பணி ஆணை பெற்று, ஒரு தகரப்பெட்டியுடன் தாதரில் இறங்கியதிலிருந்து இந்நகரமே எங்களுக்குச் சோறிட்டது. அம்மா தாம்பரத்தில் தனியாக இருக்கிறார். 74 வயது. தந்தையார் மறைந்த பின் காட்கோபருக்கு இரண்டு முறை வந்து, இரண்டு முறையும் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டார். மூட்டு வலியோடு நான்காம் மாடிக்கு ஏறி இறங்க முடியவில்லை. ஏறிய பின் பேச ஆளில்லை. "உங்கள் சௌகரியம் பாருங்கள், என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்று ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சையும் முடிப்பார். அந்த ஒரு வாக்கியம் எத்தனை கவலையைக் கொடுக்கும் என்பது தாயை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்க்கே விளங்கும்.

2025 ஆகஸ்டு மாதத்தில் ஒரு வழி திறந்தது. எங்கள் துறையின் சென்னை அலுவலகத்தில் அதே பதவியில் இருக்கும் மராட்டிய நண்பர் ஒருவர், பரஸ்பர மாறுதலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவர் தந்தையார் டோம்பிவிலியில் இருக்கிறார். வாரம் மூன்று முறை சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் செல்ல வேண்டியவர். நண்பர் இங்கே வர வேண்டும். எங்கள் குடும்பம் அங்கே செல்ல வேண்டும். இருவரும் சம்மதக் கடிதம் கொடுத்தால் கோப்பு நகரும். மாறுதலைத் தாமே கேட்டுப் பெறுவதால் பணிமூப்பில் இழப்பு நேரும். பதவி உயர்வு சில ஆண்டுகள் தள்ளிப் போகும். ஆசிரியை வேலையை விட வேண்டும். மகன் பத்தாம் வகுப்பு. மகள் ஐந்தாம் வகுப்பு. இருவருக்கும் தமிழ் எழுத வராது.

நண்பர் தம் கடிதத்தை உடனே அனுப்பிவிட்டார். எங்கள் கடிதம் மேசை அறையில் கிடந்தது. ஆகஸ்டு போயிற்று, பிள்ளையார் கரைந்தார், நவராத்திரி போயிற்று, தீபாவளியும் போயிற்று. வாரம் ஒருமுறை அவர் பேசுவார். அவசரப்படுத்த மாட்டார். "வீட்டில் கலந்துகொண்டீர்களா?" என்று மட்டும் கேட்பார். "கலந்துகொண்டிருக்கிறோம்" என்போம். அது முழு உண்மையன்று. கணவன் மனைவி இருவரும் நள்ளிரவில் மெல்லிய குரலில் பேசிக்கொண்டோமே அன்றிப் பிள்ளைகளிடம் வாய் திறக்கவில்லை.

இப்போது அன்பர்களுக்கு எங்கள் நிலை விளங்கியிருக்கும். பாதாம் மரத்தடியில் ஜடேஜாவைக் கொடுக்கலாமா என்று மணிக்கணக்கில் பேசிய வாய், வீட்டுக்குள் வந்ததும் மூடிக்கொண்டது. மேலும் ஒன்று. பதினைந்து நாள் வழக்கில் சாம்சனின் மனம் என்னவென்று எங்களில் எவரும் பேசவில்லை. தம் அணியிலிருந்து விடுவிக்கும்படி அவரே கேட்டிருக்கிறார் என்று ஆகஸ்டிலிருந்தே பத்திரிகைகள் எழுதி வந்தன. 2013-இல் தொடங்கி, நடுவே இரண்டு பருவங்கள் டெல்லிக்கு ஆடியது தவிர, அங்கேயே வளர்ந்து, 2021 முதல் தலைமை தாங்கி, 2022-இல் இறுதி ஆட்டம் வரை அழைத்துச் சென்றவர். அவர் அங்கே காத்திருக்கிறார் என்ற எண்ணம் எங்கள் கணக்கில் வரவேயில்லை. சென்னையில் ஒருவர் எங்கள் கடிதத்துக்காகக் காத்திருந்ததும் அவ்வாறே மறந்து போயிற்று.

ஒரு நாள் வழக்கு எல்லை மீறியது. சாம்சன் வந்தால் முதல் ஆட்டத்திலேயே கூச்சலிட்டு அவமானப்படுத்துவோம் என்று ஜடேஜா பக்கத்து இளைஞன் ஒருவன் சொன்னான். ஹார்திக் பாண்டியாவுக்குச் செய்ததைப் போல என்றான். அதுவரை புன்னகையுடன் இருந்த அண்ணாச்சியின் முகம் மாறிற்று.

ஹார்திக் கதையை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2015-இல் மும்பை அணியில் தொடங்கிய அவர், 2022-இல் குஜராத்துக்குத் தலைவராகச் சென்று அவ்வாண்டே கோப்பை வென்றார். 2023 நவம்பரில் மாற்று முறையில் மும்பைக்கே திரும்பினார். ஐந்து கோப்பைகள் பெற்றுத் தந்த ரோகித் சர்மாவை நீக்கிவிட்டு, டிசம்பரில் அவரைத் தலைவராக்கினார்கள். 2024 ஏப்ரல் 1 அன்று வான்கடே மைதானத்தில் நாணயம் சுண்ட வந்தபோது, சொந்த ஊர்க் கூட்டமே அவரை இகழ்ந்து கத்திற்று. சற்று நாகரிகமாக நடந்துகொள்ளுங்கள் என்று வர்ணனையாளர் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அந்த ஆட்டத்துக்கு அண்ணாச்சியை அவர் பேரன் அழைத்துச் சென்றிருந்தான். எங்கள் மகனும் உடன் சென்றிருந்தான். இருவரும் கூட்டத்தோடு சேர்ந்து கத்தினார்களாம். அண்ணாச்சி இருவர் தோளிலும் கை வைத்து உட்கார வைத்தாராம். இதை அன்றிரவுதான் நாங்கள் அறிந்தோம்.

அண்ணாச்சி சொன்னார்: "வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தென்னாட்டான் எல்லாம் ஊருக்குப் போ என்று பம்பாயில் கிளர்ச்சி நடந்த காலம். ஒரு நாள் தாதர் பிளாட்பாரத்தில் வேட்டியோடு நிற்கிறேன். ஒரு கூட்டம் சுற்றி நின்று கத்தியது. அடிக்கவில்லை. கத்தினார்கள், அவ்வளவுதான். நான் என்ன தப்புச் செய்தேன் என்று எனக்கும் தெரியாது, கத்தினவனுக்கும் தெரியாது. எங்கள் ஆலையில் வேலை செய்த ஒரு மராட்டியன் கூட்டத்துக்குள் நுழைந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அவன் வீட்டில் பிட்லையும் பாக்கரியும் போட்டார்கள். அந்தக் கூச்சலும் மறக்கவில்லை, அந்தச் சாப்பாடும் மறக்கவில்லை. ஜடேஜாவைக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. கொடுத்துவிட்டால், வருகிறவன் நம்ம வீட்டுப் பிள்ளை. கத்துகிறவன் எவனும் என் பக்கத்தில் உட்கார வேண்டாம்."

எவரும் பேசவில்லை. எங்கள் மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தியதனால் யாருக்கும் ஒரு பயனும் விளையவில்லை என்பதை அவனும் அறிவான். அவ்வாண்டு மும்பை கடைசி இடத்தில் முடிந்தது. ஜூன் 29-ஆம் தேதி பார்படாசில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்குப் பதினாறு ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, பந்தை வாங்கியவர் அதே ஹார்திக். இந்தியா ஏழு ஓட்டங்களில் வென்றது. ஜூலை 4-ஆம் தேதி, அதே வான்கடே, அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. மூன்று மாதத்தில் மாறியவர் அவரல்லர்.

மாற்றத்தின் லாப நட்டக் கணக்கும் அவ்வளவு விரைவில் எழுதி முடிக்கத் தக்கதன்று. அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மைத்துனர், அந்நாட்டுக் கால்பந்திலிருந்து ஒரு கதை சொன்னார். அங்கே 'குவார்ட்டர்பேக்' என்ற ஓர் ஆட்டக்காரரே அணியின் மூளையும் கையும் ஆவார். 2021-இல் டெட்ராய்ட் அணி மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலீசுக்குக் கொடுத்தது. பதிலுக்கு ஜேரட் காஃப் என்பவரையும், புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் சில உரிமைகளையும் பெற்றது. அடுத்த பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் கோப்பையை வென்றது. டெட்ராய்ட் ஏமாந்தது என்றே எல்லோரும் எழுதினார்கள். 2024 ஜனவரியில் இவ்விரு அணிகளும் வெளியேற்றுச் சுற்றில் மோதின. வேண்டாமென்று அனுப்பப்பட்ட காஃப், 24-க்கு 23 என்ற ஒற்றைப் புள்ளியில் தம் பழைய அணியை வென்றார். டெட்ராய்ட் நகரம் அத்தகைய வெற்றியைக் கண்டு 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆக, இருவருமே இழக்காத பரிமாற்றமும் உலகில் உண்டு. ஆனால் கையொப்பம் இடும் நாளில் அது எவருக்கும் தெரிவதில்லை.

2025 நவம்பர் 15, சனிக்கிழமை. காலையில் செய்தி வந்துவிட்டது. சாம்சன் அதே 18 கோடி ரூபாய்க்குச் சென்னைக்கு வந்தார். ஜடேஜா 14 கோடி ரூபாய்க்கு ராஜஸ்தானுக்குச் சென்றார். உடன் சாம் கரன் 2.4 கோடி ரூபாய்க்கு. நான்கு கோடி குறைத்துக்கொண்டு, தாம் தொடங்கிய இடத்துக்கே ஜடேஜா திரும்பினார். அன்று பகலில் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இந்தியாவுக்காக ஆடிக்கொண்டிருந்தார். மாறுதல் செய்தி நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த அதே நாளில், நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். சேட்ஜி கடையில் சிறிய தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டே துவரம்பருப்பு நிறுத்தார். எடை சற்றுக் கூடுதலாகவே இருந்தது. "இனி நான் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். விடை எங்களிடம் இல்லை.

அன்றிரவு இருக்கையில் வெற்றி முழக்கம் எழவில்லை. மகன் கட்சி வென்றிருந்தது. ஆயினும் அவன் தன் அறையில் ஜடேஜா படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அன்றுதான் நாங்கள் மேசை அறையைத் திறந்து, கடிதத்தை எடுத்து, அவன்முன் வைத்து, எல்லாவற்றையும் சொன்னோம். பாட்டியின் மூட்டு வலி, டோம்பிவிலிப் பெரியவரின் சுத்திகரிப்பு, பணிமூப்பு இழப்பு எதையும் மறைக்கவில்லை.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஜடேஜாவைக் கேட்டார்கள் இல்லையா, அப்பா? மூன்று மாதமாக என்னைக் கேட்கவில்லையே" என்றான். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. "இப்போது கேட்கிறோம்" என்று மட்டும் சொன்னோம்.

மூன்று நாள் அவகாசம் கேட்டான். நான்காம் நாள் அவன் சொன்னது நாங்கள் எதிர்பாராதது. "இங்கே என் வகுப்பில் மஞ்சள் சட்டை போடுகிறவன் நான் ஒருவன்தான். வான்கடேயில் நீலத்துக்கு நடுவே மஞ்சளாக நின்றால்தான் நான் தமிழன் என்று எனக்கே தெரிகிறது. சென்னையில் எல்லோரும் மஞ்சள். அங்கே நான் பேசுகிற தமிழைக் கேட்டுவிட்டு, பம்பாய்க்காரன் என்பார்கள்." இப்படிச் சொல்லிவிட்டு, இன்னும் ஒன்றும் சேர்த்துக்கொண்டான்: "பரவாயில்லை. பாட்டி நான்கு மாடி ஏற முடியாது. நாம் இறங்கலாம். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுப் போகலாம்."

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஊர் திரும்புவதையே கனவாகக் கொண்டிருந்தவர்கள் நாங்கள். நமக்குத் திரும்புதலாக இருப்பது நம் பிள்ளைகளுக்குப் புறப்பாடு என்பதை அந்தப் பதினைந்து வயதுப் பிள்ளை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. நம் பெற்றோர் அன்று ஊரில் விட்டு வந்ததை, நம் பிள்ளைகள் இன்று காட்கோபரில் விட்டுச் செல்வார்கள். காமராஜ் நகர்த் தெருக்களும், மெட்ரோ வண்டியின் சன்னலிலிருந்து தெரியும் அசல்பா குன்றும், மழைக்காலத்துத் தண்டவாளமும் அவர்களுக்குச் சொந்த ஊர். சென்னை அவர்களுக்குப் பணி ஆணை வந்த இடம்.

சம்மதக் கடிதம் மறுநாள் அனுப்பப்பட்டது. சென்னை நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னபோது மறுமுனையில் சற்று நேரம் ஓசையே இல்லை. பிறகு, "அப்பாவிடம் சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டார். மூன்று மாதமாக அவர் தம் தந்தையாரிடம் எதுவும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். எங்கள் தயக்கத்தின் விலையைக் கொடுத்தவர் யார் என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆணை வரும்போது வரும். அரசுக் கோப்பின் வேகத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. சென்னை கொடுத்தது சரியா, வாங்கியது சரியா என்ற வழக்கு அவ்விருக்கையில் இன்னும் முடியவில்லை, முடியவும் வேண்டாம். ஆனால் அண்ணாச்சி எங்களிடம் ஒரு விவரம் கேட்டு வாங்கிக்கொண்டார். சென்னையிலிருந்து வருகிற அந்த மராட்டிய நண்பர் எந்தக் கிழமை பொறுப்பேற்கிறார் என்று தெரிந்ததும் தமக்குச் சொல்ல வேண்டுமாம்.

"எதற்கு, அண்ணாச்சி?" என்றோம்.

"முதல் நாள் ஆபீஸ் சாப்பாடு நம்ம வீட்டிலிருந்து போகட்டும்" என்றார். "எனக்கு ஒரு பாக்கி இருக்கு."